சாங்கி கடற்கரையில் இரவு ஆவி ஆய்வு: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஆவி தேடிப் போகிறவர்களின் பட்டியலில் சாங்கி கடற்கரை எப்போதும் இருக்கும். ராத்திரியில் அழுகுரல் கேட்கும், தலையில்லாத உருவம் மணலில் நடக்கும் என்று பள்ளிக்கூட நாளிலேயே கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதைகளுக்கு அடியில் உண்மையாக நடந்த ஒரு படுகொலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 20ஆம் தேதி, இந்தக் கரையில், அலை தொடும் இடத்தில் 66 ஆண்களை ஜப்பானிய ராணுவப் போலீசின் துணைப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் யாரும் போர்வீரராகச் சாகவில்லை. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியை அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறேன். கருவிகள், கேமரா எல்லாம் அப்புறம். இறந்தவர் யார் என்றே தெரியாமல் இருட்டில் போய் நின்று "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்பதை என்னால் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் படிக்க வேண்டியது

1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். மூன்றே நாளில், பிப்ரவரி 18 அன்று, சூக் சிங் எனப்படும் களையெடுப்பு தொடங்கி மார்ச் 4 வரை நடந்தது. 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்கள் குறிப்பிட்ட மையங்களுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ஜப்பானுக்கு எதிரானவர்களைப் பிரித்தெடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் எந்த அளவுகோலில் பிரித்தார்கள் என்பது மையத்துக்கு மையம் மாறியது. தப்பியவர்களுக்குச் சோதனை முடிந்ததற்கான முத்திரை கிடைத்தது. சிலருக்குக் காகிதத்தில், சிலருக்குச் சட்டையில், கையில். மற்றவர்களை லாரியில் ஏற்றிக் கடலோரங்களுக்குக் கொண்டுபோனார்கள். சாங்கி, பொங்கோல், சிக்லாப், தானா மேரா பெசார் என்று அந்தப் பெயர்கள் நீளும்.

எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது சுமார் 5,000. சீனச் சமூகத்தின் மதிப்பீடு 50,000 வரை போகிறது. 1947இல் நடந்த போர்க்குற்ற விசாரணையில் 7 ராணுவ அதிகாரிகள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, இருவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

பெயர் பதிவு செய்யப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் இவர்கள். பல குடும்பங்களுக்கு உடல் கிடைக்கவில்லை, இறந்த நாளும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். நீங்கள் இரவில் பதிவு செய்து வெளியிடும் ஒலியை அவர்களில் ஒருவர் கேட்கக்கூடும் என்று எப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே படிப்பது? ஃபோர்டு தொழிற்சாலை இப்போது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் காட்சிக்கூடம். அங்கே ஒரு முழுப் பிற்பகலைச் செலவிடுங்கள். ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானிய ஆட்சிக்காலத்தை வாழ்ந்து கடந்தவர்களின் நேர்காணல்கள் இருக்கின்றன. குறைந்தது சிலவற்றையாவது முழுதாகக் கேளுங்கள். சாங்கி சேப்பல் அருங்காட்சியகம் போர்க்கைதிகளைப் பற்றியது. கடற்கரையில் சுடப்பட்டவர்களைப் புதைக்க அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கைதிகள்தான்.

கதைகளைப் பிரித்துப் பாருங்கள்

படித்த பிறகு, கேள்விப்பட்ட கதைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிவு என்ன சொல்கிறது என்று குறியுங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தலையில்லாத உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 20 பற்றிய பதிவு சொல்வது துப்பாக்கிச்சூடு. ஆக்கிரமிப்புக் காலத்தில் வேறு இடங்களில் தலை வெட்டப்பட்டதும், வெட்டிய தலைகளைப் பொது இடத்தில் வைத்ததும் உண்டு. அந்த நினைவு இந்தக் கரைக்கு நகர்ந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை உடையில் நீண்ட கூந்தலோடு வரும் பெண், மலாய் மரபில் பொந்தியானாக் எனப்படும் பெண் பேய். அவளுக்கும் 1942க்கும் தொடர்பில்லை. இங்கே சாகடிக்கப்பட்ட 66 பேரும் ஆண்கள். இப்படிப் பிரித்தால் கையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு கதைதான். ஆய்வு செய்ய அதுவே போதும்.

இன்னொன்று, இடம். சாங்கி கடற்கரைப் பூங்காவில் இருக்கும் நினைவுப் பலகையைத் தேடிப் போய் நின்று படியுங்கள். மற்ற மொழிகளோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி: சில நூறு மீட்டர் தெற்கே இருந்த தானா மேரா பெசார் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடற்கரை இப்போது இல்லை. சாங்கி விமான நிலைய ஓடுபாதையின் பகுதியாகிவிட்டது. ஆக, இந்த வட்டாரத்தில் அதிகம் பேர் இறந்த மண்ணில் யாராலும் போய் நிற்க முடியாது. "இதோ, இந்த மரத்தடியில்தான் சுட்டார்கள்" என்று யாராவது காணொளியில் காட்டினால், எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

தேதி, அனுமதி, போக்குவரத்து

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தையும், கல்லறை வழிபாடு நடக்கும் சிங் மிங் காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். பிப்ரவரி 20ஐயும் விட்டுவிடச் சொல்வேன். ஆவி வரும் என்று பலர் தேர்ந்தெடுக்கும் நாட்கள் இவை. ஆனால் அவை துக்கம் கொண்டாடுகிறவர்களுக்கு உரியவை. ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர் முகத்தில் டார்ச் அடிப்பதற்கு எந்த ஆராய்ச்சியும் காரணமாகாது.

வார நாள் இரவு நல்லது, கூட்டம் குறைவு. ஓதம் முக்கியம்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் உள்வாங்கும், அதிகம் ஏறும். அன்றைய நேரங்களை ஓத அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிய கரையும் நிறைந்த கரையும் ஒலியில் இரண்டு வெவ்வேறு இடங்கள்.

பூங்காவில் இரவில் நடமாடத் தடையில்லை. கூடாரம் அடித்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும். மணலில் தீ மூட்டக்கூடாது. விமான நிலையமும் விமானப் படைத்தளமும் பக்கத்திலேயே இருப்பதால் டிரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். படைத்தளத்தின் வேலிப்பக்கம் கேமராவைத் திருப்பவும் கூடாது. பழைய சாங்கி மருத்துவமனைக்கும் ஒரு நடை போய்வரலாம் என்று குழுவில் யாராவது கிளப்புவார்கள். அது வேலியிட்ட அரசாங்க இடம், நுழைந்தால் அத்துமீறல். முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாங்கி வில்லேஜ் வரை பேருந்து உண்டு. ஆனால் வேலை முடியும் நேரத்தில் கடைசிப் பேருந்து போயிருக்கும். திரும்பி வர வண்டி ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

பகலில் ஒரு முறை

இரவுக்கு முன் அதே வாரத்தில் ஒரு பகல், ஒரு மாலை அங்கே நடக்க வேண்டும். விளக்குக் கம்பங்கள், கழிப்பறைகள், நீர் வடிகால்கள், பாதாள மின்கம்பி போகும் வழியைக் காட்டும் மின்பெட்டிகள் எல்லாவற்றையும் கையால் வரைந்த ஒரு படத்தில் குறியுங்கள். சவுக்கு மரங்கள் எங்கே கூட்டமாக நிற்கின்றன என்பதைத் தனியாகக் குறியுங்கள். சவுக்குத் தோப்பில் காற்று நுழைந்தால் எழும் இரைச்சல் நம்மில் பலருக்குத் தெரியும். மெல்லிய காற்றில் அது பெருமூச்சு போலவும் விசும்பல் போலவும் கேட்கும். சாங்கியின் அழுகுரல் கதைகளில் ஒரு பங்கு இந்த மரங்களுடையது என்றுதான் நினைக்கிறேன்.

கடலைப் பார்த்து உட்கார்ந்து எதிரே என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். புலாவ் உபின் தீவு, நங்கூரமிட்ட படகுகள், மிதவை விளக்குகள், தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்கள். காற்றின் திசைக்கேற்ப ஓடுபாதையைப் பயன்படுத்தும் திசை மாறும் என்பதால், விமானங்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்பதும் பருவத்துக்குப் பருவம் மாறும். தரையிறங்கும் விளக்கு நேராக நம்மை நோக்கி வரும்போது, அது நகராமல் அந்தரத்தில் தொங்கும் வெளிச்சமாகத் தெரியும்.

ஆட்களும் பையும்

மூன்று அல்லது நான்கு பேர். அதற்கு மேல் போனால் அவர்கள் போடும் சத்தத்தைக் கழிப்பதே பெரிய வேலையாகிவிடும். ஒருவர் நேரக்குறிப்பு எழுதுவதை மட்டும் செய்ய வேண்டும். அவர் கையில் கேமரா இருக்கக்கூடாது. அண்மையில் வீட்டில் இழவு நடந்தவரை அழைத்துப் போகாதீர்கள், அவரே ஆசைப்பட்டாலும்.

சரசரக்காத பருத்தி உடை, மூடிய காலணி, கொசு மருந்து, தண்ணீர், சிவப்பு ஒளி டார்ச். சாங்கி வட்டாரத்தில் காட்டுப்பன்றிகள் உண்டு. கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், உணவை வெளியே வைக்காதீர்கள். இடி கேட்டால் உடனே கரையை விட்டு வெளியேறுங்கள். மின்னல் அதிகம் விழும் ஊர் இது. மரத்தடியும் திறந்த மணலும் இரண்டுமே ஆபத்து.

கருவிகள்: எது உதவும், எது ஏமாற்றும்

இரண்டு நல்ல ஒலிப்பதிவுக் கருவிகள், காற்றுத் தடுப்புப் பஞ்சோடு. முக்காலியில் நிற்கும் ஒரு கேமரா. காற்றின் வெப்பத்தைத் தானே குறித்துவைக்கும் ஒரு வெப்பமானி. இவ்வளவு போதும்.

துப்பாக்கி போல் நீட்டும் அகச்சிவப்பு வெப்பமானி பொருளின் மேற்பரப்பை அளக்கும், காற்றை அளக்காது. அதைக் கடல் பக்கம் நீட்டிவிட்டு "இங்கே திடீரென்று குளிர்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அப்புறம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வரும் காலம். பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் வரும். சில நிமிடங்களில் வெப்பம் பல பாகை இறங்கும், மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கும். தெரியாதவரை உலுக்கிவிடும் அனுபவம் அது. வானிலை ரேடாரைக் கைப்பேசியில் பார்த்தால் சூறை வருவது முன்கூட்டியே தெரியும்.

ஈஎம்எஃப் மீட்டர் மின்காந்தப் புலத்தைக் காட்டும், அவ்வளவுதான். விளக்குக் கம்பம், நிலத்தடிக் கம்பி, பக்கத்தில் நிற்பவரின் கைப்பேசி எல்லாமே அதன் முள்ளை அசைக்கும். விமான நிலைய வட்டாரம் என்பதால் ரேடாரும் சேர்ந்துகொள்ளும். சில விநாடிகளுக்கு ஒருமுறை சீரான இடைவெளியில் மீட்டர் துடித்தால் அல்லது பதிவில் 'டிக்' என்று விழுந்தால், முதலில் சுழலும் ரேடாரைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்பிரிட் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பண்பலை அலைவரிசைகளை வேகமாகத் தாவித் தாவித் துண்டு துண்டாக ஒலிக்கும் வானொலி அது. இந்தக் கரையில் நான்கு மொழி உள்ளூர் நிலையங்களோடு ஜொகூர், பாத்தாம் நிலையங்களும் கிடைக்கும். திடீரென்று "வா" என்றோ "அம்மா" என்றோ தமிழில் கேட்டால், அது உள்ளூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8இன் ஓர் அரை நொடி.

புகைப்படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. உப்புச் சாரல், ஈரப்பதம், பூச்சி ஆகியவற்றின் மேல் ஃபிளாஷ் பட்டுத் திரும்பும் ஒளி அது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

இரவு வேலை

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறையும். ஆனால் பத்து மணிக்கு மேல்தான் கரை அடங்கும்.

போனவுடன் நினைவுப் பலகைக்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் அமைதி. துக்க வீட்டுக்குள் நுழையும்போது குரல் தானாகத் தணியுமே, அந்த ஒழுங்கு இரவு முழுக்க இருக்க வேண்டும். பூ வைக்க விரும்பினால் வையுங்கள். அதைப் படம் எடுக்காதீர்கள்.

அடுத்து, கருவிகளின் கடிகாரங்களை ஒன்றாக்குங்கள். இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டு, ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். அந்தத் தட்டல் இரண்டு பதிவிலும் ஒரே புள்ளி. பிறகு கருவிகளை நிறுத்தாமலே எடுத்துப்போய் 50 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். எல்லாக் கைப்பேசியும் விமானப் பயன்முறைக்குப் போக வேண்டும். ரேடார் படம் பார்க்கும் ஒருவரது கைப்பேசி மட்டும் கருவிகளிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

முதல் அரை மணி நேரம் எதுவும் செய்யாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். அந்த இரவின் சாதாரண ஒலி என்ன என்பதற்கான அடித்தளம் இந்தப் பதிவுதான். அலை, தூரத்துச் சரக்குக் கப்பலின் தாழ்ந்த உறுமல், நீர் வற்றிய சேற்றில் சொடுக்கு இறால்கள் எழுப்பும் படபடப்பு. தூண்டில்காரர்கள் வருவார்கள். கம்பி நுனியில் கட்டிய பச்சை, சிவப்பு ஒளிக்குச்சிகள் இருட்டில் தனியாக ஆடும். இரவில் தண்ணீருக்கு மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றும் நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். கடலில் கண்ணுக்கெட்டாத படகில் இருவர் பேசுவது காதருகே முணுமுணுப்பாகக் கேட்பது அதனால்தான். சில இரவுகளில் நுண்ணுயிர்களால் அலை விளிம்பு நீலமாக ஒளிரும். பார்க்கக் கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை.

அதன்பின் இருபது நிமிட அமர்வுகள், நடுவே பத்து நிமிட ஓய்வு. அமர்வின்போது கிசுகிசுக்கவே கூடாது. பேச வேண்டுமானால் சாதாரணக் குரலில் பேசுங்கள். கிசுகிசுப்புதான் பிறகு பதிவில் 'ஆவிக்குரல்' ஆகிறது. இருமினால், கால் நகர்ந்தால், வயிறு இரைந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "என் இருமல்", "என் செருப்பு". பதிவில் அந்தக் குறிப்பும் இருக்கும்.

கேள்வி கேட்பதா? இறந்தவர்கள் பேசியிருக்கக்கூடியவை ஹொக்கியென், தியோச்சியூ, கான்டனீஸ், ஹைனானிய மொழிகள். அவர்களிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் தேடுவது எப்படிச் சரியாகும்? நான் கேட்பதில்லை, கேட்பவர்களைத் தடுப்பதுமில்லை. ஆனால் சீண்டுவது, சவால் விடுவது, துப்பாக்கிச் சத்தத்தை ஒலிபரப்பிப் பார்ப்பது, ஜப்பானிய மொழியில் கட்டளையிட்டுக் கத்துவது ஆகியவற்றைச் சில குழுக்கள் 'தூண்டல்' என்று பெயரிட்டுச் செய்கின்றன. கொலை நடந்த இடத்தில் கொலைகாரனின் குரலை எழுப்புவதை என்னால் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. குழுவில் ஒருவர் அதைத் தொடங்கினால் அந்த இரவை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது பயம் பிடித்தால் கேலி வேண்டாம். வெளிச்சமுள்ள இடத்துக்கு இருவராகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கு அவர் திரும்ப வரத் தேவையில்லை.

மணலைத் தோண்டவோ உலோகம் தேடும் கருவி கொண்டுவரவோ வேண்டாம். எலும்போ துருப்பிடித்த உலோகமோ கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் போலீசுக்கு, 999க்கு, அழையுங்கள். 2023இல் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டைச் சுற்று வட்டாரத்தையே காலி செய்து வெடிக்க வைத்தார்கள். அந்தப் போரின் குண்டுகள் இந்த மண்ணில் இன்னும் கிடக்கின்றன.

ஓர் ஒலியைப் பின்தொடரும் விதம்

நள்ளிரவு தாண்டி மரங்களின் பக்கமிருந்து "டொக்… டொக்… டொக்…" என்று வரும் என்று வைத்துக்கொள்வோம். மரக்கட்டையைச் சுத்தியலால் தட்டுவது போல, சீராக, பின் சட்டென்று நிற்கும். மறுபடி தொடங்கும்போது எண்ணிக்கை மாறியிருக்கும்.

குறிப்பெழுதுபவர் நேரத்தையும் திசையையும் எழுத வேண்டும். என்னவாக இருக்கும் என்று அந்த நேரத்தில் யாரும் ஊகம் சொல்லக்கூடாது. ஒருவர் வாயிலிருந்து "சவப்பெட்டியில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்று வந்துவிட்டால் மற்ற மூவர் காதிலும் அதற்குப் பிறகு ஆணிச் சத்தம்தான் விழும்.

வீட்டில் இரண்டு பதிவுகளையும் கணினியில் அடுத்தடுத்து வைத்து, கை தட்டிய புள்ளியில் பொருத்துங்கள். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 50 மீட்டர் கடக்க 0.14 விநாடி பிடிக்கும். அந்த 'டொக்' ஒலி முதல் கருவியில் 0.14 விநாடி முன்னால் விழுந்திருந்தால், அது இரண்டு கருவிகளையும் இணைக்கும் கோட்டில் முதல் கருவிக்கு அப்பால் இருந்து வந்தது. இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால் இரண்டுக்கும் சம தூரத்திலிருந்து வந்தது. உங்கள் கைப்படத்தில் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மரத்திலோ புல்வெளியிலோ போய் நிற்கும்.

அங்கே இருப்பது பக்கி. காய்ந்த இலை நிறத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் இரவுப் பறவை. சிங்கப்பூரில் டொக்-டொக் பறவை என்றே பெயர். அடுத்த முறை எத்தனை தட்டு தட்டும் என்று பந்தயம் கட்டும் பழக்கம்கூட ஒரு காலத்தில் இங்கே இருந்தது. உங்கள் பதிவைப் பக்கியின் பதிவோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: நேரம், திசை, பக்கி.

பதிவுகளைக் கேட்கும் முறை

அன்றிரவே கேட்காதீர்கள். தூங்கி எழுந்து, ஒரு நாள் விட்டுக் கேளுங்கள். குறைந்தது இருவர், தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். "இந்த இடத்தில் 'காப்பாத்து' என்று கேட்கிறது பார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் அப்படியே கேட்கும். மனித மூளை இரைச்சலில் சொல் தேடும் இயல்புடையது. சொல்லாமலே இருவரும் ஒரே சொல்லை எழுதினால் மட்டும் அந்தத் துண்டு அடுத்த கட்டத்துக்குப் போகட்டும்.

மூன்று பிரிவு போதும்: காரணம் தெரிந்தது, காரணம் இருக்கலாம், காரணம் தெரியாதது. மூன்றாவதில் சேர்ந்ததை ஆவி என்று எழுதாதீர்கள். எனக்கும் அந்தக் கரையில் கிடைத்த ஒன்றிரண்டு ஒலிகள் இன்னும் மூன்றாவது பிரிவில்தான் இருக்கின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். அதனாலேயே பெயர் சூட்ட அவசரப்படவில்லை.

வெளியிடுவதாக இருந்தால்

வரலாறு முதலில் வரட்டும். பிப்ரவரி 20, 66 பேர், சூக் சிங் இவை மேலே. உங்கள் ஒலிகள் கீழே. அலறல் இசை சேர்க்காதீர்கள். அங்கே கும்பிட வந்தவர், மீன் பிடித்தவர் முகத்தைக் காட்டாதீர்கள். இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லி "இவர்தான் பேசினார்" என்று எழுதவே கூடாது. அந்தப் பெயருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது.

பார்க்கிறவர்கள் அஞ்சலி செலுத்த எங்கே போகலாம் என்பதையும் எழுதுங்கள். பீச் ரோட்டில் இருக்கும் பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம் 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்டது. 1962இல் சிக்லாப்பில் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு எழுப்பப்பட்டது அது. அதன் கீழே 606 தாழிகளில் எலும்புகள் இருக்கின்றன. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் என்று நான்கு இனங்களுக்கு நான்கு தூண்கள். பகலிலேயே போகலாம், எந்தக் கருவியும் தேவையில்லை.

மூலப் பதிவுகளை வெட்டாமல், கை தட்டல் தொடங்கி முடிவு வரை, குறிப்பேட்டின் படத்தோடு சேர்த்து வைத்திருங்கள். யாராவது சந்தேகம் கேட்டால் துண்டை அனுப்பாமல் முழுக் கோப்பையும் அனுப்புங்கள்.